நெய்னாவின் லேப்டாப்பும் என் மேஜை டிராயரும்

லேப்டாப் பழுது பார்க்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

ராமேஸ்வரம் தீவில், அக்காள்மடத்தில் மெயின் ரோட்டோரம் இருந்த என் கடையைக் கைமாற்றிவிட்டு, திருவாடானைப் பக்கம் சொந்த ஊருக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இங்கே மதியம் சாப்பிட்டு முடித்ததும் கண்ணைச் சொருகுகிறது. அந்த அரைத் தூக்கத்தில் தினமும் கடைக்குப் போய்விடுகிறேன். ஷட்டர் பாதி ஏறியிருக்கிறது. தெற்கே ஒரு கடல், வடக்கே ஒரு கடல், இரண்டின் வெளிச்சமும் உப்புப் படிந்த கண்ணாடிக் கதவு வழியாக மங்கலாக உள்ளே வருகிறது. மேஜை மேல் யாருடைய லேப்டாப்போ நீலத் திரையோடு நின்று எண்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நான் டிராயரைத் திறக்கக் கையை நீட்டுகிறேன். கை போய்ச் சேர்வதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது.

ஸ்க்ரூவை எப்படிக் கழற்றுவது, பேஸ்ட் எப்படித் தடவுவது என்றெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. வீடியோ பார்த்தே என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள். வீடியோவில் வராத ஒன்றைச் சொல்கிறேன். அதில் நான் யோக்கியனாகத் தெரிய மாட்டேன். பரவாயில்லை, தெரிந்துகொள்ளுங்கள்.

ஹார்ட் டிஸ்க் காலத்தில் பாஸ்வேர்டு என்பது வாசல் கதவுக்குப் போட்ட கொக்கி, அவ்வளவுதான். டிஸ்கைக் கழற்றி வேறு மிஷினில் மாட்டினால் கொல்லைப்புறமாக உள்ளே போய்விடலாம். எத்தனை பேரிடம் அதைப் பெரிய வித்தை மாதிரிக் காட்டியிருக்கிறேன். இப்போதைய எஸ்.எஸ்.டி.யில் என்கிரிப்ஷன் போட்டுவிட்டால் அந்தக் கதை நடக்காது. உள்ளே இருப்பதையெல்லாம் அது கலைத்து வைத்துவிடும். சாவி இல்லாதவன் திறந்து பார்த்தால் ஒன்றும் புரியாது. புத்தகத்தில் குறியாக்கம் என்று எழுதுகிறார்கள். என் கடைக்கு வந்த யாரும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. ‘பூட்டுப் போட்டுத் தாங்க’ என்பார்கள். பூட்டும்போதே மிஷின் ஒரு மாற்றுச் சாவியும் தரும். ஆறு ஆறாக எட்டு வரிசை, மொத்தம் நாற்பத்தெட்டு எண்கள். பாஸ்வேர்டு மறந்துவிட்டால் அந்த நாற்பத்தெட்டுதான் ஒரே வழி. அதுவும் தொலைந்தால், பூட்டியவனே வந்து நின்றாலும் திறக்காது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் மதுரையில் ஒரு மாடியறையில் கடை வைத்திருந்தார். வாடிக்கையாளர் பாஸ்வேர்டு அடிக்கும்போது எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். ஒரு நாள் நான் சிரித்துவிட்டேன். ‘பார்த்துட்டா அப்புறம் பார்க்காதவன் மாதிரி நடிக்கணும். அது எனக்கு வராதுப்பா’ என்றார். எனக்கு அது நன்றாகவே வரும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

நான் கடை போட்ட சில வருடங்களில் ஒரு கல்லூரிப் பெண் பூட்டிய லேப்டாப்போடு வந்தாள். பாஸ்வேர்டு மறந்துவிட்டது, மாற்றுச் சாவி எழுதிய தாளும் இல்லை. இரண்டு வருட உழைப்பு உள்ளே. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுததை என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே ஒரு பச்சை அட்டை நோட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு நான் பூட்டிக் கொடுத்த எல்லா மிஷினின் நாற்பத்தெட்டு எண்களையும் பேரும் போன் நம்பரும் போட்டு அதில் எழுதி, டிராயரில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பூட்டுக்கு என்ன மரியாதை என்று எனக்கு நானே நியாயம் கற்பித்துக்கொண்டேன். இரக்கத்தில் ஆரம்பித்த காரியம் என்பதால் அது திருட்டு என்றே தோன்றவில்லை.

இனி நெய்னா முகம்மது. குவைத்தில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்து, சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வாங்கித் தென்கடலில் தூண்டில் தொழில் செய்தவர். கடலடியில் மேடாகப் பாறை கிடக்கும் இடங்களைப் பார் என்பார்கள். மீன் அங்கேதான் கூடும். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த பாரை அடுத்தவர் கண்ணில் படாமல் வைத்திருப்பார்கள். வேறு படகு நெருங்கினால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, சும்மா சுற்றுகிற மாதிரி நகர்ந்துவிடுவார்கள். நெய்னா இன்னும் ஒரு படி மேலே. படகில் இருக்கும் ஜி.பி.எஸ்.ஸில் அன்றைக்குப் போகிற இடத்தை மட்டும் போட்டுக்கொள்வார், கரை சேர்வதற்குள் அழித்துவிடுவார். எல்லாப் பாரும் அவர் குவைத்திலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பில் இருந்தன. அதைப் பூட்டத்தான் கடலுக்குப் போகாத ஒரு நாளாகப் பார்த்துக் கடைக்கு வந்தார்.

“ஆன் பண்ண உடனேயே கேக்கணும்ணே. எம் பொண்டாட்டி புள்ளைக்குக்கூடத் தெரியக் கூடாது” என்றார்.

பாஸ்வேர்டை அவரையே அடிக்கச் சொன்னேன். மதுரைக்காரரை நினைத்துச் சுவரையும் பார்த்தேன். டிஸ்க் முழுவதும் பூட்டி முடிய நேரம் ஆகும். “லுஹர் தொழுதுட்டு வாரேண்ணே” என்று மதியத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனார். அவர் தொழுதுகொண்டிருந்த அந்த நேரத்தில்தான் நாற்பத்தெட்டு எண்களையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். மின்விசிறிக் காற்றில் தாள் படபடக்க, ஒரு கையால் அமுக்கிப் பிடித்து எழுதியது இன்னும் நினைவிருக்கிறது.

திரும்பி வந்தவரிடம் அதே எண்களை அச்சடித்த தாளைக் கொடுத்தேன்.

“இது எதுக்கு?”

“மாத்துச் சாவி. பத்திரமா வைங்க.”

“ரெண்டு சாவி இருந்தா அப்புறம் என்னண்ணே பூட்டு? உங்க மிஷின்ல ஏதும் தங்குமா?”

“தங்காது” என்றேன். மிஷினில் தங்கவில்லைதான். நோட்டில் தங்கியிருந்தது.

தாளை நான்காகக் கிழித்து, டீ கிளாஸில் மிச்சமிருந்த டீயில் அமுக்கினார். அப்போது நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். ‘நெய்னா, ஒரு நாள் நீங்க வர முடியலைன்னா இதை யார் தொறக்கிறது?’ கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று உங்களில் கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடலுக்குப் போகிறவனிடம் எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. எப்போது வருவாய் என்றும் கேட்கக் கூடாது. வராமல் போனால் என்ற பேச்சு நாக்கில் வரவே கூடாது. நான் வானம் பார்த்த பூமியில் பிறந்தவன். எங்கள் பக்கம் விதைக்கும்போதே மழை பொய்த்தால் என்ன செய்வது என்று நாள் பூராவும் பேசுவோம். தீவுக்கு வந்த புதிதில் அதே வாயோடு ஒரு படகுக்காரரிடம் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த ஊர்க்காரர்களைவிட நான் கவனமாகிவிட்டேன். வந்தவனுக்குப் பயம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

ஒரு வருடம் போயிருக்கும். கச்சான் காற்று வீசத் தொடங்கியிருந்த நாட்கள். மேற்கிலிருந்து ஓயாமல் அடிக்கும் காற்றில் கடையின் போர்டு நாள் முழுக்கக் கிறீச்சிட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் மனசு எங்கேயாவது போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படி நான் ஒரு கீபோர்டைத் துடைத்தபடி கனாக் கண்டுகொண்டிருந்த முற்பகலில், கறுப்புத் துப்பட்டி போட்ட ஒரு பெண் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே வந்தார். பின்னால் நான்கு படகுக்காரர்கள். அவர்களில் சேசுவை மட்டும் எனக்குத் தெரியும்.

“அண்ணே, நான் நெய்னா சம்சாரம், ஜெய்னம்பு. அவுக நேத்து மத்தியானம் கடலுக்குப் போனாக. விடியும்போது வந்திருக்கணும். வரலை.”

மற்றதைச் சேசு சொன்னார். “மீன்துறை ஆபீஸுல சொல்லியாச்சு, போலீஸுலயும் சொல்லியாச்சு. எல்லாரும் கேக்கிறது ஒண்ணுதான், எந்த இடத்துக்குப் போனாருன்னு. யாருக்குத் தெரியும்? கூடப் போன மச்சினன் ரபீக்குக்கே படகு ஏறுனப்புறந்தான் தெரியும். இஞ்சின் நின்னுருந்தா இந்தக் காத்து கிழக்காம இழுத்துட்டுப் போயிரும். அங்கிட்டு இலங்கை எல்லைக்கோடு. இடம் தெரிஞ்சா இப்பவே நாலு படகு கெளம்பிரும். தெரியலைன்னா தென்கடல் பூராவும் எங்கனன்னு தேடுறது?”

லேப்டாப்பைத் திறந்தேன். நீலத் திரை. ஜெய்னம்பு வீட்டில் தெரிந்த தேதியெல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறார். மகள் பிறந்த நாள், நிக்காஹ் நாள், நெய்னாவின் வாப்பா இறந்த நாள். தப்பாகவே போட்டுப் போட்டு, மிஷின் இனிமேல் பாஸ்வேர்டே வேண்டாம், நாற்பத்தெட்டு எண்ணைக் கொடு என்று நின்றுவிட்டது.

இந்த இடத்தில் நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். என் இடது முழங்காலுக்கு மேலே டிராயர். டிராயருக்குள் நோட்டு. நோட்டில் நெய்னாவின் பக்கம் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும். ஆனால் அதை எடுத்தால், கடையில் நிற்கும் இத்தனை பேருக்கும் நான் எல்லாருடைய சாவியையும் ஒளித்து வைத்திருப்பவன் என்று தெரிந்துவிடும். சாயங்காலத்துக்குள் பாம்பன் முதல் ராமேஸ்வரம் வரை தெரிந்துவிடும். ஆகவே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

பின்மூடியைக் கழற்றினேன். விரல் நீளத்துக்கு இருக்கும் அந்த எஸ்.எஸ்.டி.யை எடுத்து, ஒரு யூ.எஸ்.பி. கேஸில் போட்டு, என் மிஷினில் மாட்டினேன். அங்கேயும் அது சாவிதான் கேட்கும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஏதோ பெரிய சோதனை செய்கிறவன் மாதிரி அந்த ஜன்னலைத் திறந்தேன், இந்த ஜன்னலை மூடினேன். “ஆகுதாண்ணே?” என்று சேசு கேட்டபோது “பாக்குறேன்” என்றேன். கால் மணி நேரம் அப்படிப் போனது. நேரம் எனக்கு வழக்கமான நேரமாக இல்லை. தண்ணீருக்குள் முங்கிக் கண்ணைத் திறந்து பார்க்கிற மாதிரி எல்லாம் மெதுவாக, பச்சையாக அசைந்தது. வெளியே ரோட்டில் வேன்களில் யாத்திரைக்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு குழந்தை ஜன்னல் வழியாக எனக்குக் கையசைத்தது. நானும் பதிலுக்குக் கையசைத்தேன். ஒரு மனிதன் காற்றில் இழுபட்டுக்கொண்டிருந்தபோது நான் செய்தது அதுதான்.

ஜெய்னம்பு ஸ்டூலில் உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் துஆ ஓதி அசைந்தது. பிறகு மெல்லச் சொன்னார்.

“அண்ணே, உங்களால ஆனதைச் செய்றீக. எனக்குத் தெரியுது. கெடைக்கலைன்னா உங்க மேல வருத்தமில்லண்ணே.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவர் திட்டியிருந்தால் இன்னும் கால் மணி நேரம் நடித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

“தங்கச்சி” என்றேன். “சாவி எங்கிட்ட இருக்கு.”

“இருக்குன்னா?”

“பூட்டுன அன்னைக்கே எழுதி வச்சுட்டேன். அவருக்குத் தெரியாது. இல்லைன்னு பொய் சொன்னேன்.”

சேசு ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெய்னம்பு கையைக் காட்டி அவரை நிறுத்தினார். “அப்ப எடுங்க” என்றார். அவ்வளவுதான். கோபப்படுவதற்குக்கூட ஒரு நொடியைச் செலவழிக்கவில்லை.

நோட்டை அவர் கையில் கொடுத்தேன். அவர் வாசிக்க, நான் அடித்தேன். மூன்று, ஏழு, சைபர் என்று அவர் ஒவ்வோர் எண்ணாக நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனது எனக்கு எங்கோ தூரத்திலிருந்து கேட்டது. நாற்பத்தெட்டும் முடிந்தது. மிஷின் தப்பு என்றது.

உப்புக் காற்றில் நோட்டின் மை ஊறிப்போயிருந்தது. ஐந்தாவது வரிசையில் ஓர் எண் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. இப்படிப்பட்ட சமயத்தில் உதவுகிற மாதிரி தொழிலில் சில சின்ன விஷயங்கள் உண்டு. அதில் இது ஒன்று. அந்தச் சாவியின் ஒவ்வொரு ஆறு எண்ணும் பதினொன்றால் மீதமில்லாமல் வகுபட வேண்டும். கால்குலேட்டரில் ஒன்றைப் போட்டு வகுத்தேன், மீதம் வந்தது. ஏழைப் போட்டேன், சரியாக வகுபட்டது. மறுபடி அடித்தேன். டிஸ்க் திறந்தது.

பார் எல்லாம் ஒரே ஃபைலில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இடம், ஆழம், எந்த மாசம், என்ன இரை, என்ன மீன் என்று குறித்திருந்தார். அதற்கெல்லாம் முன்னால் ஒவ்வொரு பாருக்கும் அவர் வைத்த பேர். நான் வாசிக்க ஆரம்பித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். ‘வாப்பா காட்டுனது.’ ‘சோறு மறந்த நாள்.’ ‘தூங்கிட்டோம்.’ ‘மழை இந்தப் பக்கம் மட்டும்.’ ‘ஜெய்னம்பு கோவிச்ச அன்னைக்கு.’ கடலுக்கு அடியில் ஒரு மனிதன் தன் வாழ்க்கையைக் கொண்டுபோய் அங்கங்கே வைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. நெய்னா கடையில் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தைக்கு மேல் பேசி நான் பார்த்ததில்லை.

“என்னண்ணே இது” என்றார் ஜெய்னம்பு. “என்னையெல்லாம் அங்கன கொண்டுபோய் வச்சிருக்காக.” அவர் கண் நிறைந்துவிட்டது.

என் தோளுக்கு மேலே நான்கு தலைகள் எட்டிப் பார்த்தன. நான் திரையைப் பாதி மடக்கினேன்.

“உசுரு போற நேரத்துல ஒளிக்கிறீகளாண்ணே?” என்றார் சேசு. அவர் கேட்டது தப்பில்லை. தேடப் போகிறவர் அவர்தான். ஆனால் திறந்துவிட்டோம் என்பதற்காக எல்லாவற்றையும் எல்லாருக்கும் காட்டிவிடலாம் என்று ஆகாது. அந்த ஃபைல் நெய்னாவின் பிழைப்பு. அவர் உயிரோடு வந்தால் நாளைக்கும் அதை வைத்துத்தான் அடுப்பெரிய வேண்டும். இதில் தீர்ப்புச் சொல்ல நான் யார் என்றும் தோன்றியது. பொய் சொன்னவன் இப்போது நியாயம் பேசினால் நன்றாகவா இருக்கும்?

“சேசு, நீங்க நாலு பேரும் ரெண்டு நிமிஷம் வெளிய நில்லுங்க. தங்கச்சி சொல்றதைத் தர்றேன்” என்றேன். முணுமுணுத்துக்கொண்டு போனார்கள்.

எந்தப் பாருக்குப் போனார் என்று ஃபைலில் இல்லை. “கடைசியா என்ன இரை கொண்டுபோனார்?” என்று கேட்டேன். ஜெய்னம்பு யோசிக்கவே இல்லை. “கணவாய். எங்க வீட்டு முத்தத்துல வச்சு நறுக்குனாக. கவிச்சி தாங்காம நான் சத்தம் போட்டேன்.” இந்த மாதத்துக்குக் கணவாய் இரை என்று குறித்திருந்தது மூன்று பாருக்கு. அதில் ஒன்று ‘ஜெய்னம்பு கோவிச்ச அன்னைக்கு.’

“மூணையும் குடுத்தா மூணும் போயிரும் தங்கச்சி. அப்புறம் அது அவர் பாரா இருக்காது.”

“குடுங்க” என்றார். “பேரை மட்டும் குடுக்காதீக.”

மூன்று இடத்தின் எண்களை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். சேசு அதை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடற்கரைக்கு ஓடினார்.

அந்தப் பகலின் மிச்சம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. ஜெய்னம்பு வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்துக் கடையில் வாங்கிக் கொடுத்த டீ ஆடை படிந்து ஆறிப்போனது. வெயில் கண்ணாடிக் கதவில் மெதுவாக இறங்கி, தரையில் நீண்டு, அவர் கால் வரைக்கும் வந்தது. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்து நினைத்துக் கேட்காமல் இருந்தேன். காற்று மட்டும் நிற்கவே இல்லை. மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்து அவர் போன் அடித்தது. “ரெண்டு பேரும் இருக்காக” என்று சேசு கத்தியது எனக்கே கேட்டது. ஜெய்னம்பு போனை என் மேஜையில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் கடைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

பாரில் நங்கூரக் கயிறு அறுந்து, இஞ்சினும் கிளம்பாமல் இரவெல்லாம் இழுபட்டிருக்கிறார்கள். ஜெய்னம்பு பேருள்ள பாருக்குத்தான் போயிருந்தார்கள். சேசு அங்கே போய் நின்று, காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளும் என்று கணக்குப் போட்டு, அதே கோட்டில் படகை விட்டிருக்கிறார். கண்டபோது எல்லைக்கோடு கிட்டத்தில் இருந்ததாம்.

நான்கு நாள் கழித்து நெய்னா கடைக்கு வந்தார். முகமெல்லாம் உப்பும் வெயிலும் பட்டுத் தோல் உரிந்திருந்தது. லேப்டாப்பை மேஜையில் வைத்தார்.

“அந்தச் சாவி எத்தனை நாளா உங்ககிட்ட இருந்துச்சுண்ணே?”

“நீங்க பூட்டுன அன்னையிலேருந்து.”

“நான் தொழுகப் போனப்பவா?”

“ஆமா.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். திட்டிவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று நான் காத்திருந்தேன்.

“உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன்” என்றார் கடைசியில். “ஆனா இப்பச் சொன்னா, நீங்க சொன்ன பொய்யச் சரின்னு சொன்ன மாதிரி ஆயிரும். சொல்லாமப் போனா நான் மனுசனே இல்ல. என்னண்ணே செய்யட்டும்?”

அவர் டிராயரைக் காட்டினார்.

“அதுல இன்னும் எத்தனை பேரு இருக்காக?”

“நான் பூட்டிக் கொடுத்த எல்லாரும்.”

“அவுகளுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப ஒவ்வொருத்தரா போன் போட்டுச் சொல்லுங்க. நான் இங்கன உக்காந்திருக்கேன். இஞ்சின் வேலை முடியிற வரைக்கும் எனக்கும் கடல் இல்ல.”

மூன்று நாள், லுஹருக்குப் பிறகு வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் நோட்டைப் பிரித்துப் பக்கம் பக்கமாகப் போன் போட்டேன். உங்கள் சாவியை உங்களுக்குத் தெரியாமல் எழுதி வைத்திருந்தேன், தாளை வாங்கிக்கொள்கிறீர்களா, கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். ஒரு டாக்டர் வாயில் வரக் கூடாத வார்த்தையெல்லாம் சொன்னார். கிழிக்கச் சொன்னவர்களின் தாளை நெய்னா வாங்கிக் கிழித்தார். வாங்கிக்கொள்ள வந்தவர்களிடம் நான் இன்னொரு கேள்வியும் கேட்டேன். ‘உங்க போன் தொலைஞ்சு, நீங்க மறந்தும் போயிட்டீகன்னா, வீட்டுல யாரு இதைத் தொறக்கணும்?’ கடற்கரைக்காரர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை, பதில் சொன்னார்கள். இத்தனை வருடமும் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை, கேட்கிற விதம்தான் தெரியவில்லை. நீங்கள் பூட்டிக் கொடுக்கும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். அவர்கள் சொல்லும் ஆளின் கையில் அந்தத் தாளைக் கொடுங்கள். உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சக் கூடாது. ஒரு உயிரைக் காப்பாற்றியது என்று அந்த நோட்டுக்கு வக்கீலாக வர உங்களில் சிலருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்தக் கால் மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். தாள் ஜெய்னம்பு கையில் இருந்திருந்தால் அது வீணாகியிருக்காது.

நெய்னாவின் லேப்டாப்பை நடுவில் ஒரு நாள் புதிதாகப் பூட்டினோம். அதற்கு முன் அவர் ஃபைலைத் திறந்து, ஊருக்குத் தெரிந்துபோன மூன்று வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சேசு இன்னும் அங்கன போகல. போனா நான் என்னன்னு கேக்குறது” என்றார். இரண்டு வரியை அழித்தார். மூன்றாவதை அழிக்கவில்லை. புதுச் சாவி அச்சான தாளை நான் தொடவே இல்லை. அவரே எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்து, “அவ கேட்டா, வச்சுக்கன்னு குடுத்துருவேன். அவ கேக்க மாட்டா. நானே குடுக்கணும்” என்றார்.

மூன்றாம் நாள் கடைசிப் பக்கம். ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் மேனேஜர். போன் போட்டுச் சொன்னேன். “கிழிச்சுருங்க சார்” என்றார். நெய்னா கிழித்தார். பச்சை அட்டை மட்டும் மிஞ்சியது.

அவர் எழுந்தார். லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல் வரை போனார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தார். லேப்டாப்பை மேஜையில் வைத்துவிட்டு, என் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துக்கொண்டார். உப்பிலே காய்த்துப் போயிருந்த அந்தக் கை சூடாக இருந்தது.

“இப்பச் சொல்றேண்ணே” என்றார். “உங்களாலதான் நான் வீட்டுக்கு வந்தேன்.”